கொட்டும் பனியில் கடைகண்ணிக்கு நடந்தே போய்வர: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் எல்லாமே பனிதான். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, விடிகாலையில் தெருவை மறைக்கும் மூட்டமும் பனி, பஞ்சு பஞ்சாய் இறங்கி முழங்கால் உயரத்துக்குக் குவிவதும் பனி. பேச்சுக்கு ஒரு சொல் போதும். அதன் மேல் நடக்கிற காலுக்கு அது போதாது. மருந்து வாங்க, சாமான் வாங்க, தபால் போட, பிள்ளையைப் பள்ளியில் விட என்று அரைமணி நேர நடைக்குள் வேலையை முடித்துத் திரும்ப வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். பனிக்காலத்தில் வழுக்கி விழுவதும் விறைத்துப்போவதும் பெரும்பாலும் ஈரத்தால் வருகிறது. காய்ந்த பனியில் கால் பிடிக்கும், உருகி மறுபடி உறைந்ததில் வழுக்கும். காய்ந்த காலுறைக்குள் விரல்கள் கடுங்குளிரிலும் தாக்குப்பிடிக்கும், நனைந்த காலுறைக்குள் பூஜ்ஜியம் டிகிரியிலேயே மரத்துப்போகும். கீழே வரும் யோசனைகளில் பாதிக்கு மேல் ஈரத்தைக் காலடியிலிருந்தும் உடம்பிலிருந்தும் விலக்கி வைப்பதற்கானவை.

முதலில், தரையைப் படியுங்கள்

வாசற்கதவைத் திறந்ததும் பார்க்க வேண்டியது வானத்தை இல்லை, தரையை. அங்கே கிடப்பது எது என்று தெரிந்தால் எப்படி நடப்பது என்பது தானாகவே வரும்.

புதிதாய் விழுந்த உலர்ந்த பனி பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் இருப்பதிலேயே நம்பகமானது. கால் அமிழும், பிடிக்கும். நல்ல குளிரில், ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே, மிதிக்கும்போது கிறீச்சென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற இடத்தில் பனி காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கணுக்காலுக்கு மேல் ஆழமிருந்தால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

மிதிபட்டு இறுகிய பனி அடுத்தது. பேருந்து நிறுத்தம், கடை வாசல், சாலையைக் கடக்கும் முனை என்று ஆட்கள் நின்று திரும்புகிற இடங்களில் பனி பாலிஷ் போட்டதுபோல் பளபளக்கும். வெள்ளையாக, மங்கலாக இருந்தால் பரவாயில்லை. வெளிச்சம் பட்டு மின்னினால் வேகத்தைக் குறையுங்கள்.

உப்பும் வண்டிச் சக்கரமும் சேர்ந்து கரைத்த பழுப்புச் சகதியைப் பனிச்சேறு எனலாம். அதில் வழுக்குவதை விட நனைவதுதான் பெரிய தொல்லை. நடைபாதை ஓரத்தில், சாலை தாழ்கிற இடத்தில், மேலே தட்டையாகத் தெரியும் சகதிக்கு அடியில் கணுக்கால் மூழ்கும் அளவுக்குப் பனிநீர் தேங்கியிருக்கும். பூட்ஸின் மேல்விளிம்பு வழியாக அது ஒருமுறை உள்ளே போய்விட்டால் அன்றைய நடை முடிந்த மாதிரிதான். சுற்றிப் போங்கள்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத கரும்பனி. கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டிப் படலம் தார்ச்சாலை மேல் படிந்து, அடியிலுள்ள கறுப்பே தெரிவதால் இந்தப் பெயர். பகலில் உருகிய நீர் இரவில் உறைவதால் உண்டாவது இது. ஆகவே முந்தின நாள் வெயில் அடித்து, இரவு குளிர் இறங்கியிருந்தால், விடிகாலை நேரமே மிக மோசமான நேரம். செல்பேசி 2 டிகிரி என்று காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். அது தரைக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் எடுத்த காற்றின் அளவு. தரை அதே நேரத்தில் உறைநிலைக்குக் கீழே இருக்கலாம். பாலத்தின் மேல், மரநிழலில், கட்டடத்தின் வடக்குப் பக்கத்தில், கூரைநீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே என்று இது முதலில் பிடிக்கும் இடங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஒரு வாரத்தில் உங்கள் தெருவில் அவை எங்கெங்கே என்று மனப்பாடம் ஆகிவிடும்.

இவற்றில் மிகவும் ஆளை ஏமாற்றுவது கலப்பு: பனிக்கட்டித் தரை மேல் ஓரிரு சென்டிமீட்டர் புதுப்பனி. மேலே மென்மையாகத் தெரியும். கால் வைத்ததும் மேல்பனி உருளைகள்போல் நழுவி ஆளைச் சாய்க்கும். சந்தேகம் வந்தால் பூட்ஸ் நுனியால் ஒருமுறை கீறிப் பாருங்கள். கீறல் விழுந்து வெள்ளைத் தூள் எழுந்தால் பனி. நுனி வழுக்கிக்கொண்டு போனால் அடியில் கட்டி.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பனிக்கட்டி அதிகமாக வழுக்குவது கடுங்குளிரில் இல்லை, உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில். மேலே நீர்ப்படலம் நிற்பதுதான் காரணம். மைனஸ் 20-இல் அதே கட்டி ஓரளவு பிடிக்கும். சாலைக்குத் தூவும் சாதாரண உப்பும் எல்லாக் குளிரிலும் வேலை செய்யாது. மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே அது மெல்லமெல்லத்தான் கரைக்கும். கட்டி மேல் உப்புக்கல் கரையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் அங்கே உப்பை நம்ப வேண்டாம், மணல் தூவியிருக்கிற பக்கமாக நடங்கள்.

உறைமழை பெய்கிறது, அதாவது மழையாக விழுந்து தரை தொட்டதும் கட்டியாகிறது என்றால், உயிர் போகிற அவசரம் தவிர வேறெதற்கும் கிளம்ப வேண்டாம். எந்த பூட்ஸும் அதற்கு ஈடுகொடுக்காது.

கிளம்பும் முன் பத்து நிமிடம்

வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் காற்றுக்குளிர் என்று இன்னொரு எண் இருக்கும். நடப்பவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். 2001-இல் கனடாவும் அமெரிக்காவும் புதுப்பித்த அந்தக் கணக்கு, மணிக்கு 4.8 கி.மீ. வேகத்தில் நடந்து போகிற ஒருவரின் முகத்தை வைத்தே போடப்பட்டது. மைனஸ் 15 டிகிரியும் மணிக்கு 30 கி.மீ. காற்றும் சேர்ந்தால் மைனஸ் 26 போல் உறைக்கும். அந்த எண் மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40-ஐத் தொட்டால் 5 முதல் 10 நிமிடம் போதும். மைனஸ் 28 வரை ஒழுங்காக உடுத்தியவர் வேலையை முடித்து வரலாம். அதற்குக் கீழே போனால் கண்ணைத் தவிர எல்லாம் மூடியிருக்க வேண்டும், வேலையும் ஒரே இடத்தோடு நிற்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதையும் பாருங்கள். முடிந்தால் போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வாருங்கள். சுமையோடும் களைப்போடும் உடம்பு வியர்த்தும் வருகிற நேரம் அதுதான்.

வழியைப் பொறுத்தவரை, பழைய குறுக்குவழியை மறந்துவிடுங்கள். பூங்கா வழியே ஐந்து நிமிடம் மிச்சமாகும் பாதையில் யாரும் பனி வாரியிருக்க மாட்டார்கள். கொஞ்சம் சுற்றினாலும் பெரிய தெரு நல்லது: அங்கே பனி ஒதுக்கும் வண்டி முதலில் வரும், உப்பு போடுவார்கள், ஒதுங்கிச் சூடேற்றிக்கொள்ளக் கடைகள் இருக்கும். நேரத்தை இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள். வழக்கமாகப் பதினைந்து நிமிடம் என்றால் அரைமணி. இந்த இரட்டிப்பு நேரத்தை ஒதுக்காமல் கிளம்பியவர்தான் கடை மூடப்போகிறதே என்று ஓடி விழுகிறார். பெரும்பனி நாளில் கடைகள் முன்னதாகவே மூடுவதும் உண்டு, ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வேலைகளை ஒரு வட்டமாகக் கோத்துக்கொள்ளுங்கள். வங்கி, தபால் போன்ற எடையில்லாத வேலைகள் முதலில், மருந்து அடுத்து, கனமான சாமான் கடைசியில். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே இருபது நிமிடத்துக்கு மேல் வெளியில் நிற்காதபடி அமைத்தால் நல்லது. யாரிடமாவது எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பூட்ஸ்

செலவழிக்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் வழி இருக்கிறது என்றால், அது பூட்ஸாக இருக்கட்டும். ஜாக்கெட்டை இரவல் வாங்கலாம், இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிக்கலாம். பூட்ஸில் சமாளிக்க முடியாது.

கடையில் முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். மென்மையான ரப்பர் குளிரிலும் தரையைக் கவ்வும். பளபளப்பான கெட்டி பிளாஸ்டிக் அடி குளிரில் இன்னும் கெட்டியாகிப் பனிக்கட்டி மேல் தட்டுப்போல் வழுக்கும். பள்ளங்கள் ஆழமாகவும், ஒன்றுக்கொன்று இடைவெளியோடும் இருக்க வேண்டும். நெருக்கமான பள்ளங்களில் பனி அடைத்துக்கொண்டு அடி மொழுக்கென்றாகிவிடும்.

குளிர்காலத்துக்கென்றே விற்கும் பூட்ஸ் என்பதால் மட்டும் வழுக்காது என்று நினைக்க வேண்டாம். டொராண்டோ மறுவாழ்வு ஆய்வு நிறுவனம் 2016-இல் 98 வகைக் குளிர்கால பூட்ஸ்களைச் சோதித்தபோது சுமார் பத்தில் ஒன்பது தேறவில்லை. சோதனை இதுதான்: பனிக்கட்டித் தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, அதில் ஆட்களை ஏறி இறங்க விடுகிறார்கள். 7 டிகிரிச் சாய்வில் வழுக்காமல் நடக்க முடிந்தால்தான் தேர்ச்சி. உலர்ந்த கட்டி, நீர் நிற்கும் கட்டி இரண்டிலும் அப்படி நடக்க வேண்டும். வாங்கும் முன் அந்தப் பட்டியலை இணையத்தில் பார்ப்பது காசுக்கு மதிப்பு.

உயரம் கணுக்காலைத் தாண்டி ஒரு சாண் இருந்தால் போதும். பாதப்பகுதி நீர் புகாததாக, முடிந்தால் தையலே இல்லாத ரப்பராக இருக்கட்டும். உள்ளே இருக்கும் கம்பளி உறையைக் கழற்றிக் காயவைக்க முடிகிற பூட்ஸ் மிக வசதி. அளவு பார்க்கும்போது நீங்கள் போடப்போகும் தடிமனான கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு பாருங்கள். உள்ளே விரல்களை மேலும் கீழும் அசைக்க முடிய வேண்டும். குளிருக்காக இரண்டு சோடி காலுறையைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, விரல்கள் முன்பைவிடச் சீக்கிரம் விறைக்கும். காலுக்கும் தரைக்கும் நடுவே வெதுவெதுப்பைக் காப்பது அசையாமல் தேங்கி நிற்கும் காற்றுதான், இறுக்கம் அதைப் பிழிந்து எடுத்துவிடும்.

பேன்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் ஆழ்ந்த பனி பூட்ஸ் வாய்க்குள் புகும்.

பனிக்கட்டி நாளுக்கு, பூட்ஸ் மேல் மாட்டும் கிளீட், அதாவது அடியில் கம்பியோ முளையோ உள்ள ரப்பர் பட்டை, ஒரு சோடி பையில் இருக்கட்டும். சுருள்கம்பி வகை மிதிபட்ட பனிக்குப் போதும், வழவழப்பான கட்டிக்குச் சிறு ஆணிமுளைகள் உள்ளது வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு முதலில் கால்நுனியில் மாட்டி, பிறகு குதிகாலுக்கு இழுங்கள். ரப்பர் குளிர்ந்தால் விறைத்துவிடும், வெளியில் நின்று மாட்டுவது பெரும்பாடு. ஆழ்ந்த சகதியில் கிளீட் தெரியாமலேயே கழன்று போகும், அவ்வப்போது குனிந்து பாருங்கள். கடைக்குள் நுழையும் முன் கழற்றியே ஆக வேண்டும். ஈரமான டைல்ஸ் தரையில் இரும்பு முளை சறுக்குக்கட்டைக்குச் சமம். கழற்றியதைப் போட ஒரு தடித்த பிளாஸ்டிக் பை கையோடு இருந்தால் முதுகுப்பை நனையாது.

உடுப்பு

அடி, நடு, மேல் என்று மூன்று அடுக்கு. அடியில் தோலோடு ஒட்டியது கம்பளி அல்லது பாலியஸ்டரில் செய்த தெர்மல் உள்ளாடை. பருத்தி கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரத்துணியாக உடம்பில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்குகிற ஜாக்கெட். ஜீன்ஸ் மட்டும் போட்டு நடந்தால் தொடைதான் முதலில் விறைக்கும், அடியில் ஒரு தெர்மல் கால்சட்டை வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு அளவுக்கு மீறி உடுத்துவது. ஆழ்ந்த பனியில் நடப்பது படியேறுவது மாதிரி உழைப்பு, பத்து நிமிடத்தில் வியர்க்கும், பிறகு கடை வரிசையில் நிற்கும்போது அந்த வியர்வை குளிரும். கதவைத் தாண்டியதும் முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். அப்படியென்றால் அளவு சரி. வியர்க்கத் தொடங்குமுன் கழுத்து ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கைக்கு, விரல் பிரியாத மிட்டன் ஐந்து விரல் கையுறையைவிட வெதுவெதுப்பானது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். சில்லறை எண்ண, செல்பேசி தொட, மிட்டனுக்கு அடியில் ஒரு மெல்லிய கையுறை போட்டுக்கொண்டால் வெறுங்கையைக் காற்றில் நீட்ட வேண்டியிருக்காது. காதை முழுதும் மூடும் தொப்பி வேண்டும். மப்ளரைவிடக் குழாய்போன்ற கழுத்துறை மேல், நழுவாது, எதிலும் மாட்டாது. ஜாக்கெட்டின் முக்காடு பக்கப் பார்வையை மறைக்கும், அதைப் போட்டிருந்தால் சாலையைக் கடக்கும்போது கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தலையையே திருப்ப வேண்டும். கறுப்பு ஜாக்கெட் என்றால் கையிலோ பையிலோ ஒளி திருப்பும் பட்டை ஒன்று ஒட்டுங்கள். பனி கொட்டும் மாலையில் ஓட்டுநருக்கு நீங்கள் ஒரு நிழல்தான். வெயில் அடிக்கிற நாளில் கறுப்புக் கண்ணாடி வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை முகத்துக்கே திருப்பி அனுப்பும்.

நடை

வழக்கமான நடையில் பின்காலால் உந்தி, முன்காலின் குதியை முதலில் ஊன்றுகிறோம். பனிக்கட்டியில் வழுக்குவது அந்தக் குதி ஊன்றும் கணத்தில்தான். ஆகவே நடையையே மாற்ற வேண்டும். எட்டு வைக்கும் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் தட்டையாக வையுங்கள். உடம்பின் எடை எப்போதும் முன்காலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பாதங்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். பென்குவின் நடப்பதைப் பார்த்திருந்தால் அதேதான்.

கையைப் பாக்கெட்டில் விடாதீர்கள். தடுமாறும்போது சமநிலையைக் காப்பது கைதான், அது பாக்கெட்டிலிருந்து வெளியே வருவதற்குள் விழுந்து முடிந்திருக்கும். செல்பேசி பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். திரும்பும்போது ஒரே காலில் சுழலாமல், சின்னச் சின்ன எட்டாக வளைந்து திரும்புங்கள். சாக்கடை மூடி, சாலைக் கோட்டுச் சாயம், இரும்புத் தகடு ஆகியவற்றை மிதிக்காமல் தாண்டுங்கள். ஈரமானால் தார்ச்சாலையைவிட மோசமாக வழுக்குபவை அவை. பாதை முழுவதும் பளபளவென்று இருந்தால், ஓரத்தில் மிதிபடாத பனி மேல் நடங்கள். கால் நனையும் போலிருந்தாலும் வழுக்காது.

படியில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. மிதிபட்ட பனி படியின் விளிம்பை உருட்டி, ஒவ்வொரு படியையும் சின்னச் சரிவாக்கி வைத்திருக்கும். கைப்பிடியைப் பிடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி முழுதாக வைத்து, இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகு அடுத்ததற்கு இறங்குங்கள். இங்கே இரண்டு கையிலும் பை தூக்கியிருந்தால் கைப்பிடியைப் பிடிக்க வழியில்லை. சுமையைப் பற்றிப் பின்னால் சொல்வது இதற்காகத்தான்.

சாலையைக் கடக்கும் இடம் தனிக் கவனம் கேட்பது. பனி ஒதுக்கும் வண்டி போனபின் சாலையோரம் நீளமாக ஒரு பனிவரப்பு நிற்கும், சில இடங்களில் ஆள் உயரத்துக்கும். அதற்குப் பின்னால் நிற்பவரை ஓட்டுநர் பார்க்க முடியாது. வரப்பின் மேல் ஏறிக் கடக்க வேண்டாம்: மேல்தோடு உடைந்து தொடைவரை கால் இறங்கும், அல்லது அப்படியே சறுக்கிச் சாலைக்குள் கொண்டுபோய் விடும். வெட்டிவிட்ட திறப்பு வரை நடந்து, அங்கிருந்து எட்டிப் பார்த்து, வண்டி முழுதாக நின்ற பிறகு இறங்குங்கள். பனிக்கட்டியில் வண்டி நிற்க, உலர்ந்த சாலையைப்போல் பத்து மடங்கு வரை தூரம் எடுக்கலாம். ஓட்டுநர் உங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டார் என்பதால் வண்டி நின்றுவிடும் என்று இல்லை. பனி ஒதுக்கும் வண்டியே வந்தால் பல எட்டு பின்வாங்கி நில்லுங்கள், அதன் தகடு பனியோடு கல்லையும் வாரி எறியும்.

நடைபாதை வாராமலே கிடந்து சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும் என்றால், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கூரை விளிம்பில் பனிக்கட்டிச் சரங்கள் தொங்கும் சுவரை ஒட்டி நடக்காதீர்கள். நாடா கட்டி மறித்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

கைத்தடி ஊன்றி நடப்பவர்கள் அதன் ரப்பர் நுனியைப் பனிக்கட்டியில் நம்பக் கூடாது. மடக்கி விரிக்கும் இரும்புமுள் நுனி தனியாக விற்கிறார்கள். வெளியில் விரித்து, கடைக்குள் மடக்கிக்கொள்ளலாம்.

விழுந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் விழத்தான் செய்வோம். விழும்போது கையை நீட்டி ஊன்றத் தோன்றும். மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். கால் நழுவுவது தெரிந்ததும் முழங்காலை மடக்கித் தாழுங்கள், உயரம் குறைந்தால் அடியும் குறையும். பின்பக்கம் சாய்ந்தால் தாடையை நெஞ்சோடு ஒட்டுங்கள், தலை தரையில் மோதாது. முடிந்தால் பக்கவாட்டில் திரும்பி, தொடையும் பிட்டமும் தரையில் படும்படி விழுங்கள். கையிலிருக்கும் சாமானை விட்டுவிடுங்கள். முட்டை உடைந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

விழுந்ததும் பதறி எழாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே இருந்து கை, கால், கழுத்து அசைகிறதா என்று பாருங்கள். முதுகுப்பையைக் கழற்றி, குப்புறத் திரும்பி, முட்டி போட்டு, ஒரு பாதத்தை இரு கைகளுக்கு நடுவே ஊன்றி எழுங்கள். தலை மோதியிருந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்று தனியாக இருக்க வேண்டாம். வாந்தி, குழப்பம், கூடிக்கொண்டே போகும் தலைவலி வந்தால் உடனே மருத்துவமனை.

சுமை

சாமான் முதுகில், கை இரண்டும் காலி. கைப்பைகளின் எடை ஒரு பக்கம் இழுக்கும், ஆடும், விரலிலும் ரத்த ஓட்டத்தை நிறுத்தும். ஒரு நடைக்கு ஐந்தாறு கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை இன்னொரு நாள் வாங்கலாம். கனமானது முதுகை ஒட்டி, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கட்டும். மேலே வைத்தால் தலைகனத்து ஆளைச் சாய்க்கும். பட்டைகளை இறுக்கி, நெஞ்சுப்பட்டையையும் போட்டால் பை அசையாது.

குளிர் தாங்காத பொருள்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கீரை, முட்டை, பழம் முதுகை ஒட்டிய பக்கம், ஒரு துண்டில் சுற்றி. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், அதனால் நிறைந்த கண்ணாடிப் புட்டிகள் நெடுநடையில் வெடிக்கலாம். பிளாஸ்டிக்கில் கிடைப்பதைக் கண்ணாடியில் வாங்க வேண்டாம். இன்சுலின் போன்ற மருந்துகளைப் பையில் போடவே கூடாது, ஜாக்கெட்டின் உட்பாக்கெட்டில் வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது.

சக்கரம் வைத்த சாமான் வண்டி பனியில் முன்னால் பனியைக் குவித்துக்கொண்டு நின்றுவிடும். அதிகச் சுமை என்றால் பிள்ளைகள் சறுக்கும் ஸ்லெட் ஒன்றில் சாமானை வைத்துக் கட்டி, ஒன்றரை மீட்டர் கயிற்றில் இழுங்கள். பனி மூடிய பாதையில் இருபது கிலோகூட லேசாக வரும். உப்பு போட்டு வெறுந்தரையாகிவிட்ட இடங்களில் தூக்க வேண்டியிருக்கும், சரிவில் இறங்கும்போது உங்கள் குதிகாலில் இடிக்கும். அங்கே ஸ்லெட்டை முன்னால் விட்டு, கயிற்றைப் பிடித்தபடி பின்னால் இறங்குங்கள்.

கடைக்குள்

வாசல் மிதியடியில் பூட்ஸை நாலைந்து முறை உதறித் தேயுங்கள். உள்ளே வைக்கும் முதல் பத்துக் காலடிகளில் வெளியைவிட வழுக்கும், ஆட்கள் கொண்டுவந்த பனி உருகி நீராய்க் கிடக்கும். தொப்பியையும் கையுறையையும் கழற்றி, ஜாக்கெட்டைத் திறந்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுக்கும், அது தெளியும்வரை நில்லுங்கள். செல்பேசி குளிரில் சார்ஜ் இருந்தும் அணைந்துபோவது சகஜம், லித்தியம் பேட்டரி குளிரில் மந்தமாகும். உட்பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வைத்தால் இந்தத் தொல்லை குறையும். அணைந்துவிட்டால் சூடான பிறகே சார்ஜ் போடுங்கள்.

வரிசையில் நிற்கும்போது விரல்களை அசைத்துப் பாருங்கள். உணர்வு இருக்கிறதா, காது எரிகிறதா என்று பார்க்க நல்ல நேரம் இதுதான். உள்ளே நின்றும் இவை சரியாகவில்லை என்றால் அடுத்த வேலையை விட்டுவிட்டு வீடு திரும்புங்கள்.

உறைபுண்ணும் உடல்விறைப்பும்

உறைபுண், அதாவது குளிரில் தோல் உறைந்துபோவது, முதலில் பிடிக்கும் இடங்கள் மூக்கு நுனி, காது, கன்னம், விரல்கள். முதலில் சுருக்கென்று குத்தும், பிறகு குத்துவது நின்றுவிடும். வலி போய்விட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள், ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. வெளுத்த, மெழுகுபோன்ற திட்டு தெரியும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் மங்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். கூட வருபவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது.

உடனே உள்ளே போங்கள். விரலை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள், மூக்கையும் காதையும் வெறும் உள்ளங்கையால் மூடுங்கள். தேய்க்கக் கூடாது, பனி வைத்துத் தேய்ப்பது அதைவிடக் கேடு. ஹீட்டர் மேல் நேராக வைக்காதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. வீட்டில் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தலாம், சூட்டை இன்னொருவர் முழங்கையால் பார்க்கட்டும். மறுபடி குளிரில் போக வேண்டியிருந்தால், போய்ச் சேரும் வரை உருக்காமல் இருப்பதே மேல். உருகி மீண்டும் உறைவது அதிகச் சேதம் செய்யும். கொப்புளம் வந்தாலோ, அரைமணியில் உணர்வு திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள்.

நடுக்கம் அடங்காமல், பேச்சு குழறி, ஜிப்பைக்கூடப் போட முடியாமல் விரல்கள் தடுமாறினால் அது உடம்பின் உள்சூடே இறங்கிவிட்ட உடல்விறைப்பு. அவசர உதவியை அழையுங்கள். காத்திருக்கும்போது ஈர உடுப்பை மாற்றி, மார்பு, கழுத்து, அடிவயிற்றுப் பகுதியை முதலில் சூடாக்குங்கள். மது கொடுக்கவே கூடாது.

வீட்டு வாசலில்

உங்கள் படியிலும் பனி இருக்கும். மிதிபடுமுன் வாரினால் தூள், மிதித்தபின் வாரினால் கல். ஆகவே கிளம்பும்போதே ஒருமுறை தள்ளிவிட்டுப் போங்கள். தூக்கி எறியாமல் தள்ளுங்கள், தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் மண்வெட்டியில் பாதியளவு. இதய நோய் உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது. உப்பை அள்ளிக் கொட்ட வேண்டாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 7, 8 செ.மீ. இடைவெளி இருந்தால் போதுமானது.

உள்ளே வந்ததும் பூட்ஸைத் தட்டில் வைத்து, உப்புக்கறையை ஈரத்துணியால் துடையுங்கள். அப்படியே விட்டால் தோல் வெடிக்கும். உள்ளுறையையும் அடித்தகட்டையும் வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை இளகி அடி பிரிந்துவிடும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். மறுநாள் கிளம்பும் முன் பூட்ஸின் நுனிவரை கைவிட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் வேறு சோடி போடுங்கள், இல்லாவிட்டால் அது காயும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.